பேங்கில் 5 கோடியே 44 லட்சம்: ஒரு பேரணாம்பட்டு டேனரியின் ரொக்கக் கணக்கு

பேரணாம்பட்டில் பினிஷ்டு லெதர் தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2023–24-இல் விற்றுமுதல் 58 கோடி. மார்ச் 31, 2024 தேதியிட்ட வரைவு இருப்புநிலைக் குறிப்பில் "ரொக்கமும் ரொக்கத்துக்கு இணையானவையும்" என்ற ஒற்றை வரியில் 544.29 லட்சம் என்று போட்டிருந்தார்கள். இணையானவை என்றால் மூன்று மாதத்துக்குள், முன்பே தெரிந்த தொகையாகக் கைக்கு வரும் வைப்பு போன்றவை. அதே மார்ச்சில் ஜாப் வொர்க் செய்துகொடுத்த சின்னச் சின்ன யூனிட்காரர்களுக்குத் தரவேண்டிய 22 லட்சத்தை நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்தரை கோடி கையில் இருப்பவர் ஏன் 22 லட்சத்துக்குத் திணற வேண்டும்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

கம்பெனியின் பெயர் கிடையாது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத் தணிக்கைக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளை ஒரே கம்பெனியின் கணக்காகச் சேர்த்து, எண்களையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறேன். சட்டமும் தரநிலையும் நாட்காட்டியும் அசல்தான்.

எந்த விதிகள் பொருந்தும்?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனி, நிகர மதிப்பு 250 கோடிக்கு எங்கோ கீழே. ஆகவே பன்னாட்டுத் தரநிலைகளை ஒட்டிய இண்ட் ஏஎஸ் பொருந்தாது, பழைய கணக்கியல் தரநிலைகள்தான் (ஏஎஸ்). ரொக்கத்துக்கு ஏஎஸ் 3, முதலீட்டுக்கு ஏஎஸ் 13, அந்நியச் செலாவணிக்கு ஏஎஸ் 11. வடிவம் கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணை, முதல் பிரிவு. அப்போது சிறு கம்பெனி என்றால் செலுத்தப்பட்ட மூலதனம் 4 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 40 கோடிக்குள்ளும் இருக்க வேண்டும். இவர்கள் விற்றுமுதலில் அதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையும் கட்டாயம். ரொக்கம் என்று எதைச் சொல்கிறோமோ அதுதான் அந்த அறிக்கையின் முதல் வரியும் கடைசி வரியும். அங்கே கைவைத்தால் மொத்த அறிக்கையும் மாறும்.

544.29 எப்படி வந்தது

டாலி கணக்கு மென்பொருளில் ரொக்கம், பேங்க் கணக்குகள், டெபாசிட், முதலீடு என்று தனித்தனிக் குரூப் இருக்கிறது. அக்கவுண்டன்ட் எல்லாவற்றையும் எக்செலுக்கு எடுத்துவந்து ஒரே கூட்டலாகப் போட்டுவிட்டார். கைரொக்கம் 3.40 லட்சம். நடப்புக் கணக்குகள் நிகரமாக 41.60. டாலர் கணக்கு 59.69. நிரந்தர வைப்புகள் 275. லிக்விட் ஃபண்டு 124.60. கையில் இருந்த காசோலைகள் 25. "டெபாசிட்" என்ற பெயரில் இன்னொரு 15. லட்சக் கணக்கில் கூட்டிப் பாருங்கள், 544.29 சரியாக வரும். கூட்டலில் பிழை எதுவும் இல்லை. கூட்டியவற்றில்தான் பிரச்சினை.

சின்னதிலிருந்து தொடங்குகிறேன். மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து எண்ணியபோது நோட்டாக இருந்தது 1.25 லட்சம். அதில் இரண்டு 2,000 ரூபாய் நோட்டும் இருந்தது. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்த பிறகும் அது சட்டப்படி செல்லும் பணம்தான், ரொக்கமாகவே எண்ணலாம். மாற்றுவதற்கு ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தபாலில் அனுப்பவேண்டும், அது வேறு தொல்லை. மீதி 2.15 லட்சத்துக்கு ரப்பர் பேண்டு போட்ட துண்டுச் சீட்டுகள். பச்சைத்தோல் வாங்கக் கொல்கத்தா போனவருக்கு இவ்வளவு, லாரி டிரைவருக்கு இவ்வளவு, தொழிலாளி ஒருவருக்குக் கைமாற்று இவ்வளவு. கொடுத்த பணம் போய்விட்டது. பெட்டியில் இருப்பது அதைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும். எதற்கும் பில் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு 2.15 லட்சத்தை முன்பணங்களுக்கு மாற்றினோம்.

"டெபாசிட்" 15 லட்சம் என்பது மின்வாரியத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் கட்டியது. பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பொதுச் சுத்திகரிப்பில் சேராமலோ சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்காமலோ இங்கே டேனரி நடத்த முடியாது. ஆக, தொழில் நடக்கும் வரை அந்தப் பணம் திரும்பாது. டாலியில் வங்கி வைப்பும் இதுவும் ஒரே குரூப்பில் உட்கார்ந்திருந்ததுதான் இது ரொக்கமானதற்கு ஒரே காரணம். ஓராண்டுக்குள் பணமாகாத சொத்துகளின் தலைப்பான நடப்பல்லாச் சொத்துக்கு அனுப்பினோம்.

காசோலைகள்: வந்தவையும் போகாதவையும்

வந்த காசோலை 25 லட்சத்தில் 18 லட்சம் மார்ச் 30 சனிக்கிழமை பேங்கில் போட்டது. அது ஐந்தாவது சனி என்பதால் பேங்க் திறந்திருந்தது. மறுநாள் ஞாயிறு, ஏப்ரல் 1 பேங்குகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு. பணம் ஏறியது அதற்கப்புறம்தான். இது கவலைப்படவேண்டிய விஷயமல்ல. காசோலை ஆண்டுக்குள் கைக்கு வந்துவிட்டது, பின்னால் பாஸும் ஆகிவிட்டது. மூன்றாம் அட்டவணையே கையிலுள்ள காசோலைக்கு இடம் கொடுக்கிறது. பாக்கி 7 லட்சம் ஏப்ரல் 10 தேதி போட்ட காசோலை. அந்தத் தேதி வரும்வரை அதைப் பேங்கில் போட முடியாது, எனவே அது இன்னும் சரக்கு வாங்கியவர் நமக்குத் தரவேண்டிய பாக்கிதான். விற்பனை வரவினங்களுக்குத் திரும்பியது.

போகாத காசோலைகள்தான் சுவாரசியம். ஜாப் வொர்க்காரர்கள் பேரில் மார்ச் 31 தேதியிட்ட ஒன்பது காசோலைகள், மொத்தம் 22 லட்சம். புத்தகத்தில் பேங்க் இருப்பும் குறைந்துவிட்டது, கடனும் குறைந்துவிட்டது. பேங்க் ஸ்டேட்மெண்டில் ஏப்ரல் முதல் வாரம் முழுக்க ஒன்றுகூட பாஸாகவில்லை. பிறகு ஒன்பதும் சொல்லிவைத்தாற்போல ஏப்ரல் 8-க்கும் 10-க்கும் இடையில் போயின. பணத்துக்கு நடையாய் நடந்த ஒன்பது பேர், கைக்கு வந்த காசோலையை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார்களா? பெற்றுக்கொண்டதற்கான ரசீதுகளைக் கேட்டோம். எல்லாவற்றிலும் ஏப்ரல் 8 என்று நீல மையில் தெளிவாக எழுதியிருந்தது. ரம்ஜானுக்கு மூன்று நாள் முன்பு. அதுவரை காசோலைகள் அக்கவுண்டன்ட்டின் மேசை டிராயரில் இருந்தன.

இதற்கு ஒரு காரணம் அந்த ஆண்டில் புதிதாக வந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த (எச்) உட்பிரிவு 2023–24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டியதை ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் தரவேண்டும். கெடு தாண்டி ஆண்டு முடிவில் பாக்கி நின்றால் அந்தச் செலவு அந்த ஆண்டு வரிக் கணக்கில் கழியாது, கொடுத்த ஆண்டில்தான் கழியும். ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள் கட்டித் தப்பிக்கிற சலுகையும் இதற்கில்லை. ஆக மார்ச் 31 தேதிக்கு ஒரு காசோலை தேவைப்பட்டது. பணம் தேவைப்படவில்லை!

எழுதி டிராயரில் வைத்த காசோலை யாருக்கும் கொடுத்ததாகாது. 22 லட்சத்தைப் பேங்க் இருப்பில் திரும்பக் கூட்டி, கடனிலும் கூட்டினோம். அதில் 14 லட்சம் கெடு தாண்டியது. அதன் மேல் அந்த ஆண்டு ஏறக்குறைய மூன்றரை லட்சம் கூடுதல் வரி. அடுத்த ஆண்டு கழிந்துவிடும் என்றாலும் முதலாளிக்கு முகம் வாடிவிட்டது.

இந்தத் திருத்தத்தில் ரொக்கம் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். ரொக்கத்தை ஊதிக் காட்டுவதை மட்டும் தேடிக்கொண்டிருக்கும் தணிக்கையாளர் இதைத் தவறவிடுவார். நடப்புச் சொத்தும் நடப்புக் கடனும் ஒரே அளவு குறைந்தால், சொத்தைக் கடனால் வகுத்த விகிதம் ஒன்றுக்கு மேல் இருக்கும் கம்பெனிக்கு அது இன்னும் அழகாகத் தெரியும்.

நிகரம் என்ற திரை

நடப்புக் கணக்கு 41.60 என்பது ஒரே கணக்கு அல்ல. ஒரு பேங்கில் 79.60 வரவு இருப்பு. இன்னொரு பேங்கில் 38 லட்சம் ஓவர்டிராஃப்ட். இரண்டையும் கழித்து ஒன்றாக்கியிருந்தார்கள். ஒரு பேங்கின் கடனை இன்னொரு பேங்கின் இருப்பில் கழிக்க எந்த உரிமையும் கிடையாது. 79.60 சொத்தில், 38 குறுகிய காலக் கடனில்.

பன்னாட்டுத் தரநிலை படித்துவிட்டு வரும் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்டதும் திருப்பிக் கேட்கக்கூடிய, அன்றாடப் பண நிர்வாகத்தில் கலந்துவிட்ட ஓவர்டிராஃப்டை ஐஏஎஸ் 7-உம் அதை ஒட்டிய இண்ட் ஏஎஸ் 7-உம் பணப்பாய்வு அறிக்கையில் ரொக்கத்தின் பகுதியாகச் சேர்க்க விடுகின்றனவே என்று. உண்மைதான். ஏஎஸ் 3-இல் அந்த வசதி இல்லை. அங்கேயும்கூட அது பணப்பாய்வு அறிக்கைக்கான பேச்சு, இருப்புநிலைக் குறிப்பில் கடன் கடனாகவேதான் நிற்கும்.

இந்த 38-ஐப் பிறகு மறுபடி பார்க்கவேண்டியிருக்கும். திரையை விலக்கியதும் அதன் பின்னால் இன்னொன்று தெரிந்தது.

டாலர் கணக்கு

ஏற்றுமதியாளர்களுக்கான ஈஈஎஃப்சி கணக்கில் 72,000 டாலர். வட்டியில்லாத நடப்புக் கணக்கு. ஒரு மாதம் வரவானதை, செலவு போக மீதியை, அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். மாற்றும் வரை இறக்குமதிக் கெமிக்கலுக்கும் வெளிநாட்டுக் கமிஷனுக்கும் கொடுக்கலாம். எனவே ரொக்கம்தான், அதில் சந்தேகமில்லை. மதிப்பு மட்டும் தவறு. வரவான நாள் விகிதம் 82.90-இலேயே விட்டிருந்தார்கள். ஏஎஸ் 11 ஆண்டிறுதி விகிதத்தைக் கேட்கிறது. அது 83.37. வித்தியாசம் 33,840 ரூபாய் லாபநட்டக் கணக்குக்குப் போனது. இருப்பு 60.03 லட்சம் ஆனது. பணப்பாய்வு அறிக்கையில் இந்த 33,840 வியாபாரத்தில் வந்த பணமாகக் கலக்காமல், செலாவணி விகித மாற்றத்தின் விளைவு என்று தனி வரியாக வரவேண்டும். சின்னத் தொகை, ஆனால் விட்டால் அறிக்கை அந்த 33,840-க்கு டேலி ஆகாமல் இரவெல்லாம் உட்காரவைக்கும்.

275 லட்சம் வைப்பு

இங்கேதான் பெரிய வாக்குவாதம். கோப்பில் வைப்பு ரசீதுகளின் ஜெராக்ஸ் இருந்தது. மூன்று தொகுதி. மார்ச் 1-ஆம் தேதி 46 நாளுக்குப் போட்ட 60 லட்சம். 2023 மே 20-இல் ஓராண்டுக்குப் போட்ட 75 லட்சம். அப்புறம் 140 லட்சத்துக்கு வேறு சில ரசீதுகள்.

60 லட்சத்தில் பிரச்சினையே இல்லை. ஏப்ரல் 16-இல் முதிர்வு, தொகை முன்கூட்டியே தெரியும். ரொக்கத்துக்கு இணையானது.

75 லட்சத்துக்கு அக்கவுண்டன்ட் ஒரு வாதம் வைத்தார். "மே 20-க்கு ஐம்பது நாள்தான் சார் இருக்கு. மூணு மாசத்துக்குள்ளதானே?" நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஏஎஸ் 3 மூன்று மாதத்தை எண்ணச் சொல்வது வாங்கிய நாளிலிருந்து, ஆண்டிறுதியிலிருந்து அல்ல. ஆண்டிறுதியிலிருந்து எண்ணலாம் என்று விட்டால், ஐந்தாண்டு வைப்பும் ஒருநாள் தானாக ரொக்கமாகிவிடும். எந்தப் பணமும் கைமாறாமலேயே பணப்பாய்வு அறிக்கையில் ரொக்கம் கூடும். அடுத்த வாதமும் தயாராக இருந்தது: எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாமே, கொஞ்சம் வட்டி போகும், அவ்வளவுதானே? உடைக்கலாம்தான். ஆனால் ஓராண்டு வட்டிக்காகப் போட்ட பணம் அது, அன்றாடக் கடப்பாட்டைத் தீர்க்க ஒதுக்கியது அல்ல. "பிற வங்கி இருப்புகள்" என்ற தலைப்புக்குப் போனது.

140 லட்சம் பற்றி ஜெராக்ஸ் எதுவும் சொல்லவில்லை. ஒரிஜினல் ரசீதுகள் எங்கே என்று கேட்டால், "பேங்க்லயே இருக்கு சார்." அப்படிச் சொன்னாலே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பேங்குக்கு உறுதிப்படுத்தல் கடிதம் நாங்களே அனுப்பி, பதிலும் எங்கள் அலுவலகத்துக்கே நேராக வரும்படி செய்தோம். இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இருப்பை மட்டும் எழுதுவார்கள். லியன் (பேங்க் வைப்பை ஈடாகப் பிடித்துவைக்கும் உரிமை) உண்டா, யாருக்காக, எதுவரை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதிலில் 140 லட்சம் முழுக்க லியன். 90 லட்சம் இறக்குமதிக் கெமிக்கலுக்கான எல்சிக்கு, அதாவது விற்பவருக்குப் பேங்க் தரும் கடன் உறுதிக் கடிதத்துக்கு, மார்ஜின் என்ற ஈட்டுப் பணம், எல்லாம் ஓராண்டுக்குள் முதிர்வது. 50 லட்சம், ஏற்றுமதி செய்வதாக உறுதி தந்து சுங்கவரிச் சலுகையில் மெஷின் இறக்கும் இபிசிஜி லைசென்ஸில் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரே மெஷினுக்காகச் சுங்கத்துறைக்குத் தந்த பேங்க் கேரண்டிக்கு ஈடு. லைசென்ஸ் 2020 டிசம்பர், ஏற்றுமதிக் கடமைக்கு ஆறு ஆண்டு. வைப்பை 2023 டிசம்பரில் மூன்று ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார்கள்.

பதில் நேராக நமக்கு வரவேண்டும் என்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியை நினைத்துக்கொள்ளலாம். 2009 ஜனவரி 7-இல் வெளியான அதன் தலைவரின் கடிதத்தின்படி, புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஜெர்மனியின் வயர்கார்டு கம்பெனி 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணோம் என்றது, அதுவும் பேங்கில் இருப்பதாகச் சொன்ன பணம்தான். நம் பேரணாம்பட்டுக் கம்பெனியில் பணம் எங்கும் போகவில்லை, கட்டிப்போட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் கண்டுபிடிக்கிற வழி ஒன்றே.

மார்ஜின் விஷயத்தில் அக்கவுண்டன்ட் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. "சார், ஷெட்யூல் த்ரீயில மார்ஜின் மணியையும் பன்னிரண்டு மாசத்துக்கு மேல இருக்கற டெபாசிட்டையும் கேஷ் அண்டு கேஷ் ஈக்விவலண்ட்ஸ் கீழதான் காட்டச் சொல்லியிருக்கு. நான் அதைப் பார்த்துத்தான் போட்டேன்." முதல் பிரிவின் குறிப்பு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தலைப்பின் கீழேயே இவற்றைத் தனியாகத் தெரிவிக்கச் சொல்கிறது. ஏஎஸ் 3-இன் இலக்கணப்படி இவை உள்ளேயே வரக்கூடாது. சட்டத்தின் அட்டவணையும் தரநிலையும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டிக் குறிப்பு இதற்கு ஒரு வழி சொல்கிறது. தலைப்பை "ரொக்கமும் வங்கி இருப்புகளும்" என்று வைத்து, அதற்குள் ரொக்கமும் இணையானவையும் ஒரு பிரிவு, பிற வங்கி இருப்புகள் இன்னொரு பிரிவு. இண்ட் ஏஎஸ் கம்பெனிகளுக்கான இரண்டாம் பிரிவில் இவை முகப்பிலேயே இரண்டு வரிகளாக இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. முதல் பிரிவைத் திருத்தினால் இந்த வாதமே எழாது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே எல்சி மார்ஜின் 90 பிற வங்கி இருப்பில். சுங்கக் கேரண்டிக்கான 50, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கட்டுண்டது என்பதால் நடப்பல்லாச் சொத்தில்.

லிக்விட் ஃபண்டு

முதலாளியின் மகன் சென்னையில் எம்பிஏ முடித்து வந்தவர். "நடப்புக் கணக்கில் பணம் சும்மா தூங்குகிறதே" என்று 2023 செப்டம்பரில் 120 லட்சத்தை லிக்விட் ஃபண்டில் போட்டார். செய்தது புத்திசாலித்தனம். மார்ச் 31-இல் ஆப்பைத் திறந்து 124.60 என்று பார்த்தார், அதையே பதியச் சொன்னார். 4.60 இதர வருமானம் ஆனது.

இரண்டு கேள்விகள். முதலாவது, இது ரொக்கத்துக்கு இணையானதா? செபி விதிப்படி லிக்விட் ஃபண்டு 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களிலும் பணச் சந்தைப் பத்திரங்களிலும்தான் முதலிடும். விற்றால் அடுத்த வேலைநாள் பணம் வந்துவிடும். ஏழு நாள் தாண்டினால் வெளியேறும் கட்டணம்கூட இல்லை. மகன் சொன்னார்: "எஃப்டியை விட இதுதான் சார் சீக்கிரம் வருது." வேகம் ஒரு நிபந்தனை மட்டும். எவ்வளவு வரும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஃபண்டின் யூனிட்டுக்கு முதிர்வு நாளும் கிடையாது, உறுதியான தொகையும் கிடையாது, அன்றைய என்ஏவிதான் (யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு). பன்னாட்டுத் தரநிலைகளின் விளக்கக் குழு 2009 ஜூலையில் இதையே சொன்னது: எப்போது வேண்டுமானாலும் சந்தை விலைக்குப் பணமாக்கலாம் என்பதால் மட்டும் யூனிட்டுகள் ரொக்கத்துக்கு இணையாகிவிடாது. இந்தக் கம்பெனி அந்தத் தரநிலையின் கீழ் இல்லை என்றாலும், தர்க்கம் அப்படியே பொருந்துகிறது. இங்கேயும் பெரிய கம்பெனிகள் பல லிக்விட் ஃபண்டை நடப்பு முதலீடு என்றே காட்டுகின்றன.

என்ஏவி எங்கே இறங்கப்போகிறது என்பார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது அமெரிக்காவின் ரிசர்வ் பிரைமரி ஃபண்டு ஒரு டாலர் யூனிட்டை 97 சென்ட் ஆக்கியது. அதுவரை அதில் போட்டவர்கள் அதை ரொக்கம் என்றே நினைத்திருந்தார்கள். நம் நாட்டில் 2018-இல் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் தவணை தவறியபோது, அதன் பத்திரம் வைத்திருந்த லிக்விட் ஃபண்டுகளின் என்ஏவி ஒரே நாளில் சறுக்கியது. 2020 ஏப்ரல் 23-இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. அவை லிக்விட் ஃபண்டுகள் அல்ல. ஆனால் பெயரிலேயே "அல்ட்ரா ஷார்ட்" என்று வைத்திருந்ததும் அதில் ஒன்று.

இரண்டாவது கேள்வி மதிப்பு. ஓராண்டுக்குள் விற்கும் எண்ணத்தோடு வைத்திருப்பது ஏஎஸ் 13-இன்படி நடப்பு முதலீடு. அதற்கு அடக்கவிலை, நியாய மதிப்பு இரண்டில் எது குறைவோ அது. ஆகவே 120. விற்காத 4.60 வருமானத்திலிருந்து வெளியேறியது. இண்ட் ஏஎஸ் கம்பெனியாக இருந்தால் இதே 4.60 லாபநட்டக் கணக்கில் தங்கியிருக்கும். ஒரே யூனிட், ஒரே நாள், தரநிலையைப் பொறுத்து இரண்டு லாபம். மகனுக்கு இதுதான் கடைசிவரை ஒப்பவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது, ஆனால் விதியை அவருக்காக வளைக்க முடியாது. நியாய மதிப்பு எவ்வளவு என்று குறிப்பில் சொல்லிவிட்டோம்.

திருத்திய பிறகு

ரொக்கமும் இணையானவையும்: கைரொக்கம் 1.25, நடப்புக் கணக்கு 101.60, டாலர் கணக்கு 60.03, 46 நாள் வைப்பு 60, கையிலுள்ள காசோலை 18. மொத்தம் 240.88 லட்சம்.

பிற வங்கி இருப்புகள் 165. நடப்பு முதலீடு 120. நடப்பல்லாச் சொத்துக்குப் போனது 65. விற்பனை வரவினத்துக்கு 7, முன்பணத்துக்கு 2.15. கடன் பக்கம் ஓவர்டிராஃப்ட் 38-உம் ஜாப் வொர்க் பாக்கி 22-உம் ஏறின. முந்தைய ஆண்டு எண்களையும் இதே அடிப்படையில் மறுபடி வகைப்படுத்தினோம். இல்லையென்றால் பணப்பாய்வு அறிக்கையின் தொடக்க இருப்பு ஒரு மொழியும் இறுதி இருப்பு ஒரு மொழியும் பேசும்.

544 எங்கே, 240 எங்கே! முதலாளி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பேங்க்ல இருக்கறது என் பணம்தானே சார்? பாதியைக் காணோம்கறீங்களே?" காணாமல் போகவில்லை என்று விளக்கினோம். அவர் பணம்தான். திங்கட்கிழமை காலையில் சம்பளம் போட எடுக்க முடிகிற பணம் எவ்வளவு என்பதுதான் அந்த வரி சொல்லவேண்டியது.

அவருக்கு உண்மையில் வலித்தது வேறு இடம். வரைவில் நடப்புச் சொத்து 2,150 லட்சம், நடப்புக் கடன் 1,600. விகிதம் 1.34. திருத்திய பின் சொத்து 2,140.74, கடன் 1,660. விகிதம் 1.29. அவருடைய பேங்க் 1.33 கேட்கிறது. பேங்க் கடன் வரம்பு பற்றிப் பரிந்துரைத்த தாண்டன் குழு காலத்து எண் அது. கடன் வரம்பை இப்படித்தான் மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயத்தை ரிசர்வ் வங்கி 1997-இலேயே எடுத்துவிட்டது. பேங்குகள் தங்கள் சொந்தக் கொள்கையாக அதை இன்னும் விடவில்லை. அன்றாட வியாபாரத்துக்கான பேங்க் கடன் வரம்பான கேஷ் கிரெடிட்டின் புதுப்பிப்பு ஜூனில்.

"அந்த அம்பது லட்சம் டெபாசிட்டை மட்டும் நடப்புலயே விட்டுடுங்க சார்" என்றார். முடியாது என்றோம். ஆனால் அவர் தொட்டது சரியான இடத்தைத்தான். 1.33 வரவேண்டுமானால் நடப்புக் கடனில் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே குறைய வேண்டும். ஏறக்குறைய சுங்கக் கேரண்டிக்குக் கட்டிப்போட்ட அதே தொகை. அந்த வைப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பழைய லெட்ஜரைப் புரட்டினோம். கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து எடுத்தது! தினமும் புரளவேண்டிய குறுகிய காலக் கடனை எடுத்து ஆறு ஆண்டுக் கடமைக்கு ஈடாகப் பூட்டிவைத்திருக்கிறார்கள். மெஷின் கடனோடு சேர்த்து நீண்ட காலக் கடனாக வாங்கியிருக்க வேண்டியது. ஜாப் வொர்க்காரர்களை ரம்ஜான் வரை இழுத்தடித்ததற்கு வேர் இங்கே இருக்கிறது. எல்லாம் ஒரே வரியில் கிடந்தவரை யார் கண்ணுக்கும் படவில்லை.

ஓவர்டிராஃப்டும் அப்படித்தான். 38 லட்சத்துக்குப் பத்தரை சதவீதம் வட்டி, ஆண்டுக்கு நாலு லட்சம் பக்கம். அதே சமயம் இன்னொரு பேங்கில் 75 லட்சம் ஏழு சதவீதத்துக்குக் கிடக்கிறது. நிகரம் போட்டதால் ஓவர்டிராஃப்ட் தெரியவில்லை, ஓவர்டிராஃப்ட் தெரியாததால் வைப்பை உடைக்க யாருக்கும் தோன்றவில்லை. வித்தியாசம் ஆண்டுக்கு ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல். அக்கவுண்டன்ட் இரண்டு பேங்கும் வெவ்வேறு உறவு, ஒன்றை விட்டால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்றார். வேலூர்ப் பக்கத்தில் இதுவும் ஒரு நிஜமான காரணம்தான். ஆனால் அதற்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

மே 20-இல் 75 லட்சம் முதிர்ந்தது. 38 லட்சத்தில் ஓவர்டிராஃப்டை அடைத்தார்கள், மீதி கேஷ் கிரெடிட்டுக்குப் போனது. ஜூனில் குடும்பத்திலிருந்து நீண்ட காலக் கடனாக 55 லட்சம் கொண்டுவந்தார்கள். 1.29-ஐ மறைக்காமல், காரணத்தை எழுதி, இந்த இரண்டு நடவடிக்கையையும் இணைத்து பேங்குக்குக் கொடுத்தோம். வரம்பு புதுப்பிக்கப்பட்டது, உயர்த்தித் தரவில்லை.

மாதக் கணக்கு வடிவத்தையும் மாற்றச் சொன்னோம். டாலியில் லியன் உள்ள வைப்புக்குத் தனிக் குரூப், ஒவ்வொரு வைப்பு லெட்ஜரின் பெயரிலேயே போட்ட தேதியும் முதிர்வுத் தேதியும். புதுப்பித்தால் புது லெட்ஜர், ஏனென்றால் மூன்று மாதம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். சுங்கக் கேரண்டிக்கான 50 லட்சம் 2026 டிசம்பரில் முதிர்கிறது. கடமையை முடித்து, கேரண்டி கெடுவோடு திரும்பும் என்று காட்ட முடிந்தால், 2026 மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் அது நடப்புப் பக்கம் வரும், பிற வங்கி இருப்பாக. கெடு நீட்டிப்புக் கேட்டிருந்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.